கணக்குக் காட்டுவதும் கணக்கைப் படிக்கத் தருவதும்

(தொழிற்சங்கப் பொருளாளர்களுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே அமர்ந்திருப்பவர்கள் பொருளாளர்கள். அல்லது நாளை அந்தப் பொறுப்பை ஏற்கப் போகிறவர்கள். நானும் பதினோரு ஆண்டுகள் ஒரு கிளைச் சங்கத்தின் பொருளாளராக இருந்தவன். ஆண்டு முடிந்ததும் பொதுக்குழுவில் எழுந்து நின்று வரவு, செலவு, இருப்பு என்று மூன்று தொகைகளை வாசிப்பேன். முன்வரிசையில் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கணக்கு நிறைவேறிவிடும்.

ஓர் ஆண்டு, ஓய்வுபெற இரண்டு மாதமே இருந்த ஒரு மூத்த தோழர் எழுந்தார். "தம்பி, இதரச் செலவுன்னு ஒரு தொகை வாசிச்சியே, அதுக்குள்ள என்னென்ன இருக்கு? போன வருசம் அது எவ்வளவு?" என்று கேட்டார். ஒவ்வொரு காசுக்கும் என்னிடம் வவுச்சர் இருந்தது. ஒரு ரூபாய்கூடத் தவறவில்லை. ஆனாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போன ஆண்டு துண்டறிக்கை அச்சடித்த செலவைப் பிரசாரத்தில் எழுதியிருந்தேன். இந்த ஆண்டு இதரத்தில் எழுதியிருந்தேன். இரண்டு ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. கணக்கு நேர்மையாக இருந்தது. ஆனால் அதைப் படிக்க வேண்டியவரால் படிக்க முடியவில்லை.

கணக்குக் காட்டுவது ஒன்று, கணக்கைப் படிக்கத் தருவது இன்னொன்று என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றித்தான்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் அமெரிக்காவுக்கு உரியது. அங்கே தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் தங்கள் வரவு செலவை மத்திய அரசின் தொழிலாளர் துறைக்குத் தாக்கல் செய்கின்றன. அந்த அறிக்கையைக் கணினியில் தயாரிக்கும்போது எந்தத் தொகை எந்த இடத்தில் வர வேண்டும், எதை எதனோடு சேர்க்கக் கூடாது என்று அரசு அளவுகோல் வகுத்திருக்கிறது. கேட்பதற்கு உப்புச்சப்பில்லாத சங்கதியாகத் தோன்றும். ஆனால் என் மூத்த தோழர் கேட்ட கேள்விக்கு விடை அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1957-இல் அமெரிக்க செனட் சபை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் மெக்லெல்லன் அதன் தலைவர். ராபர்ட் கென்னடி தலைமை வழக்கறிஞர். அவருடைய அண்ணன் ஜான் கென்னடி குழுவில் ஓர் உறுப்பினர். தொழிற்சங்க நிர்வாகத்திலும் முதலாளிகள் தரப்பிலும் நடந்த முறைகேடுகளை அந்தக் குழு விசாரித்தது. லாரி ஓட்டுநர்களின் பெருஞ்சங்கமான டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் தலைவர் டேவ் பெக் சாட்சிக் கூண்டில் அமர்ந்தார். சங்கப் பணம் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லத் தேவையில்லை என்ற உரிமையைக் காட்டித் திரும்பத் திரும்பப் பதில் மறுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில், அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் மாபெரும் கூட்டமைப்பான ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. டீம்ஸ்டர்ஸ் சங்கத்தை வெளியேற்றியது.

இதன் தொடர்ச்சியாக வந்ததுதான் தொழிலாளர்–நிர்வாக அறிக்கை மற்றும் வெளிப்படுத்தல் சட்டம். 1959 செப்டம்பர் 14-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஐசனோவர் அதில் கையெழுத்திட்டார். மசோதாவைக் கொண்டுவந்த இரண்டு உறுப்பினர்களின் பெயரால் லாண்ட்ரம்–கிரிஃபின் சட்டம் என்றும் அதைச் சொல்வார்கள். சங்கங்கள் இதை மகிழ்ச்சியோடு வரவேற்கவில்லை. காரணமும் உண்டு. அதே சட்டத்தின் இன்னொரு பகுதி மறியலுக்கும் புறக்கணிப்புப் போராட்டங்களுக்கும் புதிய தடைகளைப் போட்டது. அந்தப் பகுதியை நான் ஆதரித்துப் பேச வரவில்லை. நான் பேச வந்தது கணக்குப் பகுதியைப் பற்றி மட்டும்.

அந்தப் பகுதி சொல்வது எளிமையானது. சங்கத்தின் நிதியாண்டு முடிந்த 90 நாட்களுக்குள் வரவு செலவு அறிக்கை தாக்கலாக வேண்டும். தலைவரும் பொருளாளரும் அதில் கையெழுத்திட வேண்டும். சொத்து, கடன், வரவு எங்கிருந்து வந்தது, நிர்வாகிகளுக்கு எவ்வளவு போனது, ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் பெறும் ஊழியர்கள் யார் யார், நிர்வாகிக்கோ ஊழியருக்கோ உறுப்பினருக்கோ 250 டாலருக்கு மேல் கடன் கொடுத்திருந்தால் அந்த விவரம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அறிக்கைக்கு ஆதாரமான ஏடுகளையும் ரசீதுகளையும் ஐந்து ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் 10,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தோழர்களே, இதில் நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, இந்த அறிக்கை அரசின் பீரோவில் பூட்டி வைக்கப்படுவதற்காகக் கேட்கப்படவில்லை. சட்டப்படி இது பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏன் பார்க்கிறாய் என்று கேட்பதற்கு இடமில்லை. உறுப்பினருக்கு இன்னும் ஒரு படி கூடுதல் உரிமை. தக்க காரணம் இருந்தால் அறிக்கைக்குப் பின்னால் இருக்கும் பேரேடுகளையே அவர் பார்க்கலாம். சங்கம் மறுத்தால் நீதிமன்றம் போகலாம்.

சட்டம் வந்தது, படிவம் வந்தது. பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை. அதற்கு ஒரு கொடூரமான சாட்சி இருக்கிறது.

1969 டிசம்பரில் ஐக்கியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் தேர்தல் நடந்தது. பதவியில் இருந்த டோனி பாயிலை எதிர்த்து ஜாக் யாப்லான்ஸ்கி நின்றார். தோற்றார். தேர்தலில் முறைகேடு என்று முறையிட்டார். அந்த ஆண்டின் கடைசி இரவில், பென்சில்வேனியாவில் அவருடைய வீட்டுக்குள் புகுந்த கொலைகாரர்கள் அவரையும் மனைவியையும் மகளையும் தூக்கத்தில் சுட்டுக் கொன்றார்கள். கொலைக்குக் கொடுத்த கூலி 20,000 டாலர். அது யாருடைய பணம் தெரியுமா? நிலத்துக்கடியில் கரித்தூசியைச் சுவாசித்து உழைத்தவர்கள் கட்டிய சந்தாப் பணம். சங்கத்தின் 19-ஆம் மாவட்டக் கிளையில் 'ஆய்வு மற்றும் தகவல் குழு' என்று ஒன்று இருப்பதாகக் காட்டினார்கள். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்கள் சங்க வேலை பார்த்ததாக எழுதி அவர்கள் பெயரில் காசோலை கொடுத்தார்கள். அவர்கள் அதைப் பணமாக்கித் திருப்பித் தந்தார்கள். அந்தப் பணம் கொலைகாரர்கள் கைக்குப் போனது. பாயில் 1974-இல் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மேல்முறையீட்டுக்குப் பின் 1978-இல் நடந்த மறுவிசாரணையிலும் அதே முடிவுதான் வந்தது.

இதை ஏன் பொருளாளர்கள் அவையில் சொல்கிறேன்? அந்தச் சதியில் முன்நின்றவர்களில் ஒருவர் மாவட்டக் கிளையின் செயலாளர்–பொருளாளர். நாம் வகிக்கும் அதே பதவி. அவர் கையில் இருந்த ஆயுதம், கணக்கேட்டில் ஒரு தலைப்பு. 'ஆய்வு மற்றும் தகவல்' என்று படித்தால் யார் சந்தேகப்படுவார்கள்? பொதுவான, மங்கலான, எதையும் விழுங்கிக்கொள்ளும் தலைப்புதான் திருடனுக்குப் பாதுகாப்பான இடம். நேர்மையான பொருளாளருக்கு அதே தலைப்பு சோம்பலுக்கு வசதி. படிக்கிறவருக்கோ இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இனி கணினிக்கு வருகிறேன்.

அமெரிக்கப் படிவங்கள் மூன்று வகை. ஆண்டு வரவு 2,50,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள சங்கங்கள் எல்.எம்.-2 என்ற விரிவான படிவத்தைத் தர வேண்டும். 10,000 டாலர் முதல் 2,50,000-க்குக் கீழ் வரை எல்.எம்.-3. 10,000-க்கும் குறைவென்றால் எல்.எம்.-4, சுருக்கமான படிவம். சிறிய கிளையின் தோளில் பெரிய சுமையை ஏற்றக் கூடாது என்பதற்காக இந்த அடுக்கு. மாநில, உள்ளாட்சி ஊழியர்கள் மட்டுமே உள்ள சங்கங்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை.

அச்சடித்த படிவத்தைத் தட்டச்சில் நிரப்பி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. பிறகு சங்க அலுவலகங்களில் கணினி வந்தது. கணக்கு மென்பொருள் வந்தது. பொருளாளர்கள் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள்: எங்கள் மென்பொருளே அழகாக ஒரு அறிக்கையை அச்சிட்டுத் தருகிறதே, அதையே அனுப்பினால் என்ன?

அரசின் பதிலின் சாரம் இதுதான். எந்தக் கருவியில் வேண்டுமானாலும் தயாரியுங்கள். ஆனால் வெளிவருவது இந்தப் படிவமாகவே இருக்க வேண்டும். அதே இனங்கள், அதே எண்கள், அதே அட்டவணைகள், அதே வரிசை. இதை அதிகாரிகளின் பிடிவாதம் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எல்.எம்.-2 படிவத்தில் இனம் 36 என்றால் சந்தா வரவு. இனம் 51 என்றால் அரசியல் செயல்பாடுகளுக்கும் சட்டமியற்றுவோரிடம் ஆதரவு திரட்டுவதற்கும் ஆன செலவு. ஒஹாயோவில் பற்றவைப்பு வேலை பார்க்கும் ஒரு தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். தன் சங்கத்தின் அறிக்கையில் இனம் 51-ஐப் பார்க்கிறார். பக்கத்து மாநிலத்துச் சங்கத்தின் அறிக்கையிலும் 51-ஐப் பார்க்கிறார். ஐந்து ஆண்டுக்கு முந்தைய அறிக்கையை எடுத்தாலும் அதே இடத்தில் அதே பொருளில் தொகை நிற்கிறது. ஒரு கணக்காளரின் உதவியும் இல்லாமல் அவரால் ஒப்பிட முடிகிறது. ஒவ்வொரு சங்கமும் தன் மென்பொருள் தந்த தலைப்புகளோடு அனுப்பியிருந்தால்? அறிக்கைகள் குவிந்திருக்கும், ஆனால் எதையும் எதனோடும் ஒப்பிட முடியாது. என் கிளையின் 'இதரச் செலவு' நாடு முழுக்கப் பரவியிருக்கும்.

பெரிய மாற்றம் 2003-இல் வந்தது. எலைன் சாவ் தொழிலாளர் துறைச் செயலாளராக இருந்தபோது எல்.எம்.-2 படிவம் அடியோடு திருத்தப்பட்டது. அதை மின்னணு முறையில் தாக்கல் செய்வது கட்டாயமானது. அதுவரை பெருந்தொகைகளைக்கூடப் பொதுத் தலைப்பில் ஒற்றை எண்ணாகக் காட்டிவிட முடிந்தது. புதிய படிவம் செலவை நோக்கத்தின்படி பிரித்துக் காட்டச் சொன்னது. தொழிலாளர் சார்பாகப் பேச்சுவார்த்தை நடத்துவதும் புகார்களை எடுத்து நடத்துவதும் ஒன்று. அரசியல் செயல்பாடு இன்னொன்று. நன்கொடையும் அன்பளிப்பும் மூன்றாவது. அலுவலகப் பொதுச் செலவு நான்காவது. சங்க நிர்வாகம் ஐந்தாவது. 15 முதல் 19 வரையிலான அட்டவணைகள் இவற்றுக்கு உரியவை. ஒரு நபருக்கோ நிறுவனத்துக்கோ இந்த வகைகளில் ஒன்றில் ஒரே தடவையில் 5,000 டாலரோ அதற்கு மேலோ போயிருந்தால் பெயர், முகவரி, தொழில், நோக்கம், தேதி, தொகை எல்லாம் எழுத வேண்டும். ஒரே தடவையில் கொடுத்த தொகை மட்டும் இதில் அடங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சிறு சிறு தொகையாகக் கொடுத்தது ஓராண்டில் சேர்ந்து 5,000-ஐத் தொட்டாலும் பெயர் வெளியே வந்தாக வேண்டும். நிர்வாகிகளும் ஊழியர்களும் தங்கள் உழைப்பு நேரத்தில் எந்தப் பங்கு எந்த வகைக்குப் போனது என்றும் பிரித்துக் காட்ட வேண்டும்.

பொருளாளர் கண்ணோடு இதைப் பாருங்கள். ஓர் அச்சகத்துக்கு ஜனவரியில் 400 டாலர், மார்ச்சில் 900, தேர்தல் நேரத்தில் 2,000 என்று ஆண்டு முழுவதும் கொடுத்திருப்பீர்கள். அதில் பாதி பேச்சுவார்த்தை பற்றிய துண்டறிக்கை. மீதி தேர்தல் பிரசுரம். டிசம்பர் மாதம் உட்கார்ந்து பழைய வவுச்சர்களைப் புரட்டி இதையெல்லாம் பிரித்துக் கூட்ட யாராலும் முடியாது. வவுச்சர் போடும் அன்றே அதன் தலையில் நோக்கத்தை எழுதிவிட வேண்டும். கணினியில் பதியும்போதே பெறுபவரின் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். ஒரே அச்சகத்தின் பெயரை மூன்று விதமாக எழுதினால் கணினி அதை மூன்று அச்சகங்களாக எண்ணும், எதுவும் 5,000-ஐத் தொடாது, உண்மை ஒளிந்துகொள்ளும். ஆக, ஆண்டுக் கடைசியில் தரும் அறிக்கைக்கு வகுத்த அளவுகோல் அன்றாட வவுச்சர் வரை இறங்கி வந்துவிடுகிறது. இந்தத் தரநிலைகளின் உண்மையான பலன் அங்கேதான் இருக்கிறது. அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், ஏடு தானாகவே ஒழுங்குக்கு வரும்.

இன்னும் சில விதிகளைச் சொல்கிறேன். தொகைகளை முழு டாலரில் எழுத வேண்டும், சென்ட் வேண்டாம். வரவு செலவுப் பட்டியலில் கைக்கு வந்த பணமும் கையிலிருந்து போன பணமும் மட்டுமே இடம்பெறும். வர வேண்டிய பாக்கி அதில் சேராது. அது சொத்துப் பட்டியலில் நிற்கும். ஆரம்ப இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் இறுதி இருப்பு வர வேண்டும். ஆரம்ப இருப்பு 40,000, வரவு 3,10,000, செலவு 2,95,000 என்று வைத்துக்கொள்வோம். இறுதி இருப்பு 55,000 வர வேண்டும். நீங்கள் 50,000 என்று எழுதினால் மின்னணுப் படிவம் பிழை என்று காட்டும். பிழையைத் திருத்தும்வரை கையெழுத்துக்குப் போக விடாது. அட்டவணையின் மொத்தமும் முகப்புப் பட்டியலின் தொகையும் ஒத்துப்போகிறதா என்றும் அதுவே சரிபார்க்கும். நீண்ட அட்டவணைகளை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டியதில்லை; சங்கத்தின் கணினியிலிருந்து, குறித்த வடிவத்தில், அப்படியே ஏற்றிவிடலாம்.

இந்த அறிக்கைகளை ஒரு காலத்தில் வாஷிங்டனில் ஓர் அறைக்குப் போய், அல்லது துறையின் வட்டார அலுவலகத்துக்குப் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. ஆனால் கூலி வேலையை விட்டு அந்தக் கதவு வரை யார் போவார்கள்? இன்று 2000-ஆம் ஆண்டு முதலான அறிக்கைகள் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓர் ஆண்டின் அறிக்கைகள் அனைத்தையும் தரவுக் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். எல்லாம் ஒரே வடிவத்தில் இருப்பதால்தான் இது நடக்கிறது.

எதிர்ப்பு இல்லாமல் இருந்ததா? இருந்தது. ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. நீதிமன்றம் போனது. சங்கங்களின் நேரத்தையும் பணத்தையும் இந்த வேலை தின்றுவிடும், அரசுக்குப் பிடிக்காத சங்கங்களை நெருக்குவதற்கு இது கருவியாகும் என்று வாதங்கள் எழுந்தன. 2005-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்.எம்.-2 திருத்தத்தை ஏற்றது. ஆனால் சங்கத்தோடு தொடர்புடைய அறக்கட்டளைகளுக்காக அதே விதியில் கொண்டுவந்த டி-1 படிவத்தை, சட்டம் தந்த அதிகாரத்தை மீறியது என்று தள்ளியது. அந்த டி-1 படிவம் பின்னாலும் ஓர் ஆட்சியில் வந்து அடுத்த ஆட்சியில் போனது. 2020-இல் மறுபடி வந்து 2021-இல் மறுபடி போனது. இந்த ஊசலாட்டம் நல்லதல்ல. கணக்குப் படிவம் கட்சி மாறும்போதெல்லாம் மாறினால் உறுப்பினரால் இரண்டு ஆண்டுகளைக்கூட ஒப்பிட முடியாது. அளவுகோல் நிலையாக இருக்க வேண்டும். அதை யாரும் பழிவாங்கும் கோலாக ஆக்கக் கூடாது.

சங்கங்களின் அச்சத்திலும் நியாயம் உண்டு. அடுத்து எந்தத் தொழிற்சாலையில் உறுப்பினர் சேர்க்கப் போகிறோம், பேச்சுவார்த்தையில் என்ன உத்தி என்பதைக் கணக்கு வழியாக முதலாளி தெரிந்துகொள்ளக் கூடாது. படிவத்தின் விதிகளே இதற்கு இடம் தருகின்றன. வருங்கால அமைப்புப் பணியையோ பேச்சுவார்த்தை உத்தியையோ வெளிப்படுத்திவிடும் செலவைத் தனியாகப் பெயர் சொல்லாமல் மொத்தத்தில் சேர்க்கலாம். ஆனால் உறுப்பினர் வந்து கேட்டால் ஏட்டைக் காட்ட வேண்டும். வெளியாருக்கு மறைவு, வீட்டாருக்குத் திறப்பு. இது அறிவுள்ள ஏற்பாடு. தனிநபர்களின் வங்கிக் கணக்கு எண், சமூகப் பாதுகாப்பு எண் போன்றவற்றைப் பொது அறிக்கையில் எழுதக் கூடாது என்பதும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. பணத்தின் கணக்கு பொதுவுக்கு. மனிதரின் அந்தரங்கம் அவருக்கு.

நியாயத்தின் இன்னொரு பாதியையும் சொல்லியாக வேண்டும். இதே சட்டம் முதலாளிகளையும் கேட்கிறது. தொழிலாளர்கள் சங்கம் சேராதபடி வற்புறுத்த ஓர் ஆலோசகரை நிறுவனம் கூலிக்கு அமர்த்தினால், அந்த ஆலோசகர் ஒப்பந்தம் ஆன 30 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். நிறுவனமும் தன் பங்குக்கு ஆண்டறிக்கை தர வேண்டும். ஆனால் வெறும் ஆலோசனைக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கின் நிழலில் எவ்வளவோ வேலை நடந்துவிடுகிறது. 2016-இல் அந்த ஓட்டையை அடைக்க ஒரு விதி வந்தது. டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அதைத் தடுத்தது. 2018-இல் அரசே அதைத் திரும்பப் பெற்றது. சந்தா கட்டுகிறவன் 5,000 டாலருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், அவனுடைய சங்கத்தை உடைக்கக் கூலி கொடுக்கிறவன் சந்துக்குள் நழுவிவிடலாம் என்றால் அந்தத் தராசின் முள் நேராக இல்லை. வெளிப்படைத்தன்மை இரண்டு தட்டிலும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. ஆனால் அந்தத் தட்டு சரியாகும்வரை நம் தட்டை மூடி வைப்போம் என்று சொல்வது முறையாகாது.

இத்தனை இருந்தும் திருட்டு நின்றதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ.வை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமைமிக்க வரலாறு கொண்ட சங்கம். ஆண்டுதோறும் எல்.எம்.-2 தாக்கல் செய்த சங்கம். அதன் முன்னாள் தலைவர்கள் டென்னிஸ் வில்லியம்ஸ், கேரி ஜோன்ஸ் இருவரும் 2020-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2021-இல் சிறைத்தண்டனை பெற்றார்கள். பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் சொகுசு வீடுகள், கோல்ஃப் ஆட்டம், சுருட்டு, மது என்று போன பணத்தை மாநாட்டுச் செலவு என்று காட்டியிருந்தார்கள். ஹோட்டலின் மொத்தக் கணக்குக்குள் அந்தத் தனிச் செலவுகள் ஒளிந்துகொண்டன. படிவத்தில் ஹோட்டலின் பெயர் இருந்திருக்கும், தொகையும் இருந்திருக்கும். ஹோட்டலின் பில்லுக்குள் என்ன இருந்தது என்பதைப் படிவம் சொல்லாது.

இதைக் காட்டிப் படிவத்தால் பயனில்லை என்று முடிவு கட்டுபவர்களோடு நான் உடன்பட மாட்டேன். படிவம் பூட்டு, காவலாளி இல்லை. திருடனைப் படிவம் நல்லவனாக்காது. ஆனால் அவன் பொய்யை ஒரு குறித்த இடத்தில் எழுதியாக வேண்டும், அதன் கீழே கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்ற நிலைக்கு அது அவனைத் தள்ளுகிறது. எழுத்தில் இல்லாத திருட்டைத் தேடுவது கடினம். எழுதி வைத்த பொய் காத்துக்கொண்டிருக்கும். என்றைக்காவது ஒருவர் பில்லையும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். யு.ஏ.டபிள்யூ. வழக்கை விசாரித்த அமைப்புகளில் இந்த அறிக்கைகளை நிர்வகிக்கும் தொழிலாளர் துறைப் பிரிவும் ஒன்று. வழக்கின் முடிவில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த ஏற்பாட்டின்படி வெளியிலிருந்து ஒரு கண்காணிப்பாளர் வந்தார். உறுப்பினர்கள் தலைமையை நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றார்கள். 2023-இல் அப்படி வென்றவர் ஷான் ஃபெயின். பூட்டும் வேண்டும், பூட்டைப் பார்க்கும் கண்களும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

கடைசியாக நம் ஊருக்கு வருகிறேன். நமக்கும் இதில் ஒரு பழைய சொந்தம் உண்டு. 1918 ஏப்ரல் 27-இல் சென்னையில் பிறந்தது சென்னைத் தொழிலாளர் சங்கம். செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்னின்றார்கள், பி.பி. வாடியா தலைவரானார். பின்னி ஆலை நிர்வாகம் வாடியா உள்ளிட்டோர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வழக்கு. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று என்.எம். ஜோஷி 1921-இல் மத்தியச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவரத் தூண்டுதலாக இருந்ததும் அதுதான். அதன் விளைவாக வந்த 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பாதுகாப்போடு கடமையையும் சேர்த்துத் தந்தது. தணிக்கை செய்த ஆண்டு வரவு செலவைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். கணக்கேட்டையும் உறுப்பினர் பட்டியலையும் எந்த உறுப்பினரும் பார்க்கலாம். அரசியலுக்கு என்று செலவழிப்பதானால் அதற்குத் தனி நிதி வேண்டும். அமெரிக்கர்கள் இனம் 51 என்று பிரித்துக் காட்டுகிறார்கள்; நம் சட்டமோ பெட்டியையே பிரித்து வைக்கச் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இன்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பல பிரிவுகளை நாம் எதிர்க்கிறோம், எதிர்ப்போம். ஆனால் உறுப்பினருக்குக் கணக்குச் சொல்வதற்கு எந்தச் சட்டத்தின் கட்டளையும் நமக்குத் தேவையில்லை.

அதனால் உங்களிடம் ஐந்து வேண்டுகோள்கள் வைக்கிறேன். ஒன்று, உங்கள் சங்கத்தின் செலவுத் தலைப்புகளை இந்த ஆண்டே எழுதி, எந்தச் செலவு எதில் சேரும் என்று பொதுக்குழுவில் முடிவு செய்யுங்கள். பிறகு பொதுக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் மாற்றாதீர்கள். இரண்டு, 'இதர' என்ற தலைப்புக்கு ஒரு வரம்பு வையுங்கள். அதைத் தாண்டினால் உடைத்துக் காட்டுங்கள். மூன்று, வவுச்சரில் நோக்கம் எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள். தலைவரே கேட்டாலும் கொடுக்காதீர்கள். நான்கு, போன ஆண்டுத் தொகையை இந்த ஆண்டுத் தொகைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஐந்து, அறிக்கையைத் தமிழில், பொதுக்குழுவுக்குப் பத்து நாள் முன்னதாக, ஒவ்வொரு உறுப்பினரின் கைப்பேசிக்கும் அனுப்புங்கள். வாசித்துவிட்டு நிறைவேற்றுவதை நிறுத்துங்கள். படித்துவிட்டு வந்து கேட்கட்டும்.

என்னிடம் கேள்வி கேட்ட அந்த மூத்த தோழர் இன்று இல்லை. அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவுக்கு அவர் ஓய்வுபெற்ற பிறகும் வந்தார். இரண்டு ஆண்டுத் தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தார். பிறகு, "இப்பத்தான் இது எங்க கணக்கு" என்றார்.

தோழர்களே, சந்தா அவர்களுடையது. கணக்கும் அவர்களுடையதாகட்டும்.